கல்யாண நாளன்று நீ தோற்ற ஆட்டம்

மகன்,

அஸ்ஸலாமு அலைக்கும். வரும் ஞாயிற்றுக்கிழமை நீயும் நஸ்லாவும் நீ வேலை செய்யும் கொழும்பில் வீடு வைக்கப் போகிறீர்கள். கட்டிலும் அலுமாரியும் லொறியில் போய்விட்டன. வீடு இப்போதே பேசினால் எதிரொலிக்கிறது. உன் பாடசாலையின் பழைய மாணவர்கள் ஒரு மலர் வெளியிடுகிறார்களாம். அதில் உன்னைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டு இரண்டு பேர் நம் வாசனைச் சரக்குக் கடைக்கு வந்தார்கள். "எனக்கு மிளகப் பத்திக் கேட்டா சொல்வேன். அவன்ட உம்மாதான் டீச்சரா இருந்தவ, அவ எழுதட்டும்" என்று உன் வாப்பா வேலையை என் தலையில் கட்டிவிட்டார். நானும் உட்கார்ந்து பார்த்தேன். "இம்தியாஸ் சிறு வயதிலிருந்தே" என்று தொடங்கினால் அது மௌத்தானவர்களுக்கு இரங்கலுரை எழுதுவதுபோல் இருக்கிறது. உன்னைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. உனக்கு எழுதத்தான் வருகிறது. ஆகவே இது உனக்கு. வேண்டியவர்கள் வாசித்துக்கொள்ளட்டும்.

இதைப் பகிரங்கமாக எழுத இன்னொரு காரணமும் உண்டு. மாத்தளை டவுனில் உன் கதை பல விதமாக உலாவுகிறது. மீன் கடையில் ஒருவர், கல்யாணத்தன்று நீ விமானம் ஏறி ஓடிவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று சூரை மீன் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிவாசல் பக்கத்துப் பாமசியில் மருந்து கொடுக்கும் பிள்ளையோ, நீ உலகக் கிண்ணம் கொண்டுவந்ததாக நம்பிக்கொண்டிருக்கிறாள். நீ ஓடவும் இல்லை, கிண்ணமும் கொண்டுவரவில்லை. நடந்தது அவை இரண்டையும்விட நல்ல கதை என்று எனக்குத் தோன்றுகிறது. நடந்தபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரியாத பாதியும் அதில் இருக்கிறது, ஏனென்றால் அந்தப் பாதி நடந்தபோது நீ இங்கே இல்லை.

சர்வதேச மேசைப்பந்து ஆண்கள் அணிப் போட்டிக்கு வீரர்களைத் தெரிவு செய்த ஆட்டங்களில் அணியின் மூன்றாவது இடத்துக்கு மிஞ்சியது நீயும் சமீரவும். பலாபத்வல ஊர்ச் சமீர. பாடசாலை முடிந்த கையோடு பஸ்ஸில் வந்து இறங்கி, நம் வீட்டில் பிளேன்டீ குடித்துவிட்டு, உன்னோடு பயிற்சிக்குப் போன அதே சமீர. அவன்தான் உன்னை வென்றான். நீ மேலதிக வீரர்களின் பட்டியலுக்குப் போனாய். பாஸ்போட்டையும் விசாவுக்கு வாங்கிக்கொண்டார்கள். ஆனால் மேலதிக வீரர் என்றால் போகாதவர் என்றுதான் அர்த்தம் என்று நீயே சொன்னாய். அதற்குப் பிறகுதான் வாப்பா உன் கல்யாணப் பேச்சை எடுத்தார். இரத்தோட்டையில் கராம்பு, சாதிக்காய்த் தோட்டம் வைத்திருக்கும் ஹாஜியாரின் மகள் நஸ்லா. ஹாஜியார் வாப்பாவின் கடைக்குச் சரக்குப் போடுகிறவர், பேச்சில் கறார், வாக்கில் சுத்தம். உங்கள் இருவருக்கும் பிடித்துப்போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மண்டபம் பேசினோம். அது அந்தப் போட்டி தொடங்கும் ஞாயிற்றுக்கிழமை என்பது எங்கள் எவருக்கும் உறைக்கவே இல்லை. அது இனி நமக்குரிய விஷயமில்லை என்று நினைத்திருந்தோம்.

தையற்காரர் உன் கோட்டுக்கு அளவு எடுக்க வீட்டுக்கு வந்திருந்த நேரம் சமீர கோல் எடுத்தான். உன் கைகள் இரண்டும் விரிந்திருந்ததால் நான்தான் கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு உன் காதருகே பிடித்தேன். வைத்தியசாலையிலிருந்து பேசினான். மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்து, விளையாடும் கையின் மணிக்கட்டு உடைந்திருந்தது. சிங்களத்தில் அவன் சொன்னது இவ்வளவுதான்: "மச்சான், கை போச்சு. உன்னத்தான் கூப்பிடப் போறாங்க. யோசிக்காம போ." பிறகு அழுதானோ, தொடர்பு அறுந்ததோ தெரியவில்லை. தையற்காரர் நாடாவைக் கையில் பிடித்தபடி, "அப்ப அளவெடுக்கவா, வேணாமா?" என்று கேட்டார். நீ கையை இறக்காமலே நின்றாய். அன்று மாலையே அணி நிர்வாகத்திலிருந்து அழைப்பு வந்தது. வியாழக்கிழமை புறப்பட வேண்டும். நீ என்னிடம் வந்து, "உம்மா, நான் போகல்ல. மண்டபம், சொந்தக்காரங்க, எல்லாம் சொல்லியாச்சு. விடுங்க" என்றாய். அவ்வளவு அமைதியாகச் சொன்னாய். அந்த அமைதிதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் பாடசாலைக் காலத்தில் மேசைப்பந்து விளையாடியவள். ஒருவர் தோற்றதை ஏற்றுக்கொள்ளும் அமைதிக்கும், ஆடாமலே மட்டையை வைக்கும் அமைதிக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும்.

மறுநாள் நாம் மூவரும் இரத்தோட்டைக்குப் போனோம். ஹாஜியார் கொழுந்து வெற்றிலைத் தட்டை நம் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். வாப்பா சுற்றி வளைத்துச் சொல்லி முடித்ததும், "ஒரு மேசையச் சுத்தி ஓடுறதுக்கா கல்யாணத்தத் தள்ளி வைக்கச் சொல்றீங்க?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே விளங்காமல் கேட்டார். நீ உடனே, "இல்ல மாமா, நான் போகல்ல. சொல்லாம விட்டா சரியில்லன்னுதான் வந்தோம்" என்றாய். அவர் முகம் தெளிந்தது. வாப்பாவும் எழும்பத் தயாரானார். அப்போதுதான் உள்ளறைத் திரையை விலக்கிக்கொண்டு நஸ்லா வந்தாள். நிச்சயித்த பெண் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் வந்து பேசுவது அந்த வீட்டு வழக்கம் இல்லை. அவள் கையில் தேநீர்த் தட்டுக்கூட இல்லை. பேசவே வந்தாள்.

"வாப்பா, இவங்க போகாம நின்டா, நாளைக்கு எங்களுக்குள்ள என்ன கோபம் வந்தாலும், 'உனக்காகத்தானே நான் போகல்ல'ன்னு ஒரு சொல் இவங்கட தொண்டையில வந்து நிக்கும். இவங்க சொல்ல மாட்டாங்க. ஆனா நிக்கும். எனக்கு அது வேணாம்" என்றாள்.

"அப்ப ஊருக்கு என்ன சொல்ற?" என்றார் ஹாஜியார்.

"மாப்பிள நாட்டுக்கு விளாடப் போயிருக்கார்னு சொல்லுங்க. பொய் இல்லையே. நிக்காஹ்வ புதன்கிழம பள்ளியில சின்னதா முடிச்சிருவோம். சாப்பாட இவங்க வந்த பொறகு வைப்போம். சாரிய மட்டும் மாத்தச் சொல்லாதீங்க, அது எனக்குப் பிடிச்சது."

ஹாஜியார் தட்டை இழுத்து ஒரு வெற்றிலையை மடித்தார். பிறகு வாப்பாவைப் பார்த்து, "இவட உம்மாவும் இப்படித்தான்" என்றார். அதுதான் சம்மதம் என்று விளங்கிக்கொள்ள நமக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. மகன், திரும்பி வரும் வழியில் நீ பஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சிரித்துக்கொண்டே வந்தாய். நான் சிரிக்கவில்லை, யோசித்துக்கொண்டு வந்தேன். ஒருவருக்காக ஒன்றை விட்டுக்கொடுப்பது பெரிய குணம் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். விட்டுக்கொடுத்தது பிறகு வீட்டுக்குள் எங்கே போய் உட்காரும் என்று யோசித்தவள் அந்தப் பிள்ளைதான். குடும்ப வாழ்க்கையில் நீ எத்தனையோ முறை விட்டுக்கொடுக்க வேண்டி வரும். அப்படி விட்டால் முழுதாக விடு. தொண்டையில் வைத்துக்கொள்வதாக இருந்தால் விடாதே. உட்கார்ந்து பேசு. நஸ்லா பேசக்கூடியவள்.

புதன்கிழமை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் நிக்காஹ் முடிந்தது. ஹாஜியார் உன் கையைப் பிடித்து மகளை ஒப்புக்கொடுக்கும்போது அவர் குரல் இரண்டு இடத்தில் உடைந்ததாக வாப்பா வந்து சொன்னார். வியாழக்கிழமை நீ போய்விட்டாய். அதற்குப் பிறகு வாப்பா கடையைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. அழைத்திருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் கோல் எடுத்து, கல்யாணச் சாப்பாடு தள்ளிப்போன கதையை முதலிலிருந்து சொன்னார். ஒவ்வொருவரும், "என்ன, மேசைப்பந்தா?" என்று கேட்க, ஒவ்வொருவருக்கும் விளக்கினார். வெள்ளிக்கிழமை அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. சனிக்கிழமை, "அல்ஹம்துலில்லாஹ், எல்லாருக்கும் சொல்லியாச்சு" என்று சைகையில் சொன்னார்.

எல்லாருக்கும் சொல்லவில்லை. புத்தளத்தில் இருக்கும் வாப்பாவின் சாச்சி மகன் குடும்பம் கைபேசி இலக்கத்தை மாற்றியிருந்தது. ஞாயிறு காலை அவர்கள் வேன் நிறைய வந்து மண்டப வாசலில் இறங்கினார்கள். மண்டபம் பூட்டிக் கிடந்தது. காவல்காரர் நம் வீட்டுக்கு வழி காட்டி அனுப்பிவிட்டார். நான் பழைய சட்டையோடு முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பட்டுச் சாரியும், கோட்டும், சென்ட் வாசமுமாக ஒரு கல்யாணக் கூட்டமே கேற்றைத் திறந்துகொண்டு வந்தது. அவர்கள் பரிசாகக் கொண்டுவந்த பெரிய ஸ்டாண்ட் பேன் முதலில் உள்ளே வந்தது, பின்னால் ஆட்கள். வாப்பாவுக்கோ குரல் இல்லை. நான்தான் நடந்ததைச் சொன்னேன். அந்த வீட்டு மூத்த மாமி, வாசலில் கழற்றிய செருப்பைத் திரும்பப் போட்டுக்கொள்வதா என்று தெரியாமல் ஒரு காலில் நின்றார். வாப்பா என்னை ஒதுக்கிக் கூட்டிப்போய்க் காற்றுக் குரலில், "வந்தவங்களத் திருப்பி அனுப்ப ஏலாது. சோறாக்குவோம்" என்றார். அயல் வீடுகளிலிருந்து பெரிய பானை வந்தது. இரத்தோட்டைக்கும் சொன்னேன். நம் வழிச் சொந்தங்கள் வந்திருக்கும்போது மருமகள் வந்து முகம் காட்டாவிட்டால் அது வேறு பேச்சாகிவிடும். ஹாஜியார் நஸ்லாவையும் கூட்டிக்கொண்டு, ஒரு தாச்சிச் சட்டி நிறைய வட்டிலப்ப இனிப்போடு வந்து சேர்ந்தார்.

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு, பெரிய சஹன் தட்டுகளைச் சுற்றி ஆண்கள் முன் அறையிலும் பெண்கள் நடு அறையிலும் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்த நேரம்தான் உங்கள் அணியின் ஆட்டம். பக்கத்து வீட்டு மாணவி ஒருத்தி அவள் கைபேசியை நம் தொலைக்காட்சியோடு இணைத்துத் தந்தாள். உங்கள் மேசை ஓரத்து மேசை. வர்ணனை இல்லை, நகராத ஒரு கமெரா மட்டும். பந்துச் சத்தமும் சப்பாத்து உரசும் சத்தமும் கேட்டன. புத்தளத்து மாமி கை துடைத்தபடி வந்து, "மாப்பிளய இன்னும் காணல்லியே, எங்க அவரு?" என்று கேட்டார். நான் திரையைக் காட்டி, "அந்த, நீலச் சேட்டு போட்டவன்" என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டு அருகில் போய்ப் பார்த்துவிட்டு, நஸ்லாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மீண்டும் திரையைப் பார்த்தார். அறையே சிரித்தது. நஸ்லா முகத்தை என் தோளில் மறைத்துக்கொண்டாள்.

வர்ணனை செய்ய ஆள் இல்லாததால் அந்த வேலையும் எனக்கு வந்தது. ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் ஆடுவார்கள், மூன்று ஆட்டத்தை முதலில் வெல்லும் அணிக்கு வெற்றி, தலைவரும் இரண்டாமவரும் தேவைப்பட்டால் மறுபடி ஆடுவார்கள், நம் மகனுக்கு ஒரே ஒரு ஆட்டம்தான், அது மூன்றாவது என்று சொன்னேன். ஹாஜியார் முன் அறையிலிருந்து நாற்காலியைக் கதவருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஏன் அவங்க மேசையில கையத் தொடைக்கிறாங்க?" என்றார். வியர்வைக்கு என்றேன். "ஏன் பந்த அவ்வளவு ஒசரத்துக்கு எறியிறாங்க?" என்றார். சட்டம் என்றேன். உங்கள் தலைவர் முதல் ஆட்டத்தை வென்றார், இரண்டாமவர் தோற்றார். எதிரணி ஓர் ஐரோப்பிய நாடு, எல்லாரும் உன்னைவிட ஒரு தலை உயரம். பிறகு நீ வந்தாய்.

உன் ஆட்டத்தைப் பற்றி நான் மறைத்து எழுதப் போவதில்லை. மோசமாக ஆடினாய். அந்தப் பையன் முதல் சில பந்துகளிலேயே உன் இடது பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டான். அதற்குப் பிறகு ஒரு பந்தைக்கூட வேறு பக்கம் போடவில்லை. நீ சர்வீஸை மாற்றிப் பார்த்தாய், பின்னால் நின்று பார்த்தாய், டைம் அவுட் எடுத்தும் பார்த்தாய். ஒரு செட்டும் உனக்குக் கிடைக்கவில்லை. நம் வீட்டில் பேன் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. அப்போது பின்னாலிருந்து யாரோ, யார் என்று நான் எழுதப் போவதில்லை, "புதுப் பொண்ணு காலடி வச்ச ராசி எப்படியோ" என்று முணுமுணுத்தார்கள். மெல்லச் சொன்னதாக அவர்களுக்கு நினைப்பு. நஸ்லாவுக்குக் கேட்டது. என் கையைப் பிடித்திருந்த விரல்களை அவள் எடுத்துக்கொண்டாள். கதவருகே இருந்த ஹாஜியாருக்கும் கேட்டது. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழும்பப் போனார்.

நான் திரும்பிப் பார்க்காமலே சொன்னேன்: "அவன் தோத்தது அவன்ட பேக்ஹேண்டால. அது கல்யாணம் பேச முன்னமே சரியில்ல. மருமகள இதுல இழுக்காதீங்க." என் குரல் வகுப்பில் பேசும் குரலாக வெளியே வந்துவிட்டது போலும். ஒரு பிள்ளை தானாகக் கையைக் கட்டிக்கொண்டது. ஹாஜியார் மறுபடி உட்கார்ந்தார்.

திரையில் நீ உன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து துவாயால் முகத்தை மூடிக்கொண்டாய். தோள் ஏறி இறங்குவது தெரிந்தது. நான் உம்மா, என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. சமையலறைக்குப் போகலாம் என்று எழும்பினேன். அப்போதுதான் நஸ்லா, "மாமி, எழும்பிட்டாங்க" என்றாள். திரும்பிப் பார்த்தேன். உங்கள் தலைவர் நாலாவது ஆட்டத்துக்கு மேசைக்கு வந்திருந்தார். நீ துவாயைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றிருந்தாய். அதற்குப் பிறகு நீ உட்காரவே இல்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் கத்தினாய். தலைவர் துவாய் எடுக்க வந்தபோது தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்து, உன் இடது பக்கத்தைக் காட்டி ஏதோ சொன்னாய். தன்னை எப்படித் தோற்கடித்தார்கள் என்பதை அடுத்தவருக்கு எச்சரிக்கையாகச் சொல்ல ஒரு மனம் வேண்டும் மகன். வெட்கத்தை அவ்வளவு சீக்கிரம் ஓரமாக வைக்க எல்லாருக்கும் வராது. தலைவர் வென்றார். கடைசி ஆட்டத்தில் உங்கள் இரண்டாமவர், முதலில் தோற்றவர், எதிரணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரனை இழுத்து இழுத்து வென்றார். தடுப்புப் பலகையைத் தாண்டிக் குதித்து அவரைத் தூக்கியவன் நீ. புத்தளத்து மாமி விளங்கியோ விளங்காமலோ கைதட்டினார்.

ஹாஜியார் என்னிடம், "இப்ப மருமகன் வென்டதா, தோத்ததா?" என்று கேட்டார். "அவன் தோத்தான், அணி வென்றது" என்றேன். "அப்ப அவருக்கு என்னத்துக்கு இவ்வளவு சந்தோசம்?" என்றார். நான் வாயைத் திறக்குமுன் நஸ்லாதான் சொன்னாள்: "அவங்கட ஆக்கள் வென்டாங்க வாப்பா. வேறென்ன." அவர் தலையை ஆட்டினார். சிறிது நேரம் கழித்து வாப்பாவிடம், "நல்ல ஆளத்தான் எடுத்திருக்கோம்" என்றார். உன்னைப் பற்றி அவர் என் காதுபடச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. நீ மேசையில் ஒன்றுமே செய்யாத நாளில் அதைச் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து நடந்தது நேர்மாறு. அன்று நம் வீட்டில் கூட்டம் இல்லை, நானும் வாப்பாவும் மட்டும். உங்கள் தலைவர் தோற்றார், இரண்டாமவரும் தோற்றார். மூன்றாவதாக நீ வந்து, தரவரிசையில் உன் கண்ணுக்கே எட்டாத உயரத்தில் இருந்த ஒருவரை வென்றாய். உன் பேக்ஹேண்ட் அன்று எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. வாப்பா கட்டியிருந்த தொண்டையோடு "அல்லாஹு அக்பர்" என்று தக்பீர் சொன்னார். ஆனால் அடுத்த ஆட்டத்தில் தலைவர் மறுபடி தோற்க, அணி வெளியேறியது. நீ கோல் எடுத்தபோது நான் உன்னைப் பேச விடாமல் புகழ்ந்துகொண்டே போனேன். நீ, "உம்மா, நாங்க தோத்துட்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். எனக்குச் சற்று மனத்தாங்கல்தான். அன்று பிறகு நடந்ததை நஸ்லாதான் பல நாள் கழித்துச் சொன்னாள். நீ அவளிடம், வென்றதைப் பற்றிச் சந்தோஷப்படவும் முடியவில்லை, சந்தோஷப்படாமல் இருக்கவும் முடியவில்லை, அணியினர் முன்னால் எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை என்றாயாம். அவள், "உங்கட கெப்டன் சாப்பிட்டாரா?" என்று கேட்டாளாம். நீ பார்த்துவிட்டு, சாப்பிடவில்லை, கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறார் என்றாயாம். "அப்ப ரெண்டு பேருக்கும் எடுத்துட்டுப் போய் அவரோட சாப்பிடுங்க. வென்டத எனக்கிட்ட நாளைக்குச் சொல்லுங்க, முழுசா கேக்குறேன்" என்றாளாம்.

வாழ்க்கையில் இந்த இரண்டாவது நாள்தான் கஷ்டமானது மகன். நீ தோற்று வீடு வென்ற நாளில் கைதட்டினால் போதும். நீ வென்று வீடு தோற்ற நாளில் என்ன செய்வது என்று எவரும் சொல்லித் தருவதில்லை. எனக்குப் பாடசாலையில் உப அதிபர் பதவி கிடைத்த கடிதம் வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்காது, நீ கைக்குழந்தை. அன்று காற்றில் கடைக் கூரை பறந்து, வாப்பா ஏலக்காய் மூட்டைகளோடு மழையில் நின்றிருக்கிறார். எனக்கு அது தெரியாது. மாலையில் நனைந்த உடம்போடு ஒரு பெட்டி மஸ்கட் இனிப்பு வாங்கிக்கொண்டு வந்து, அயலுக்கெல்லாம் கொடுத்து, என்னைப் பற்றிப் பெருமை பேசிவிட்டு, கூரை போன கதையை மறுநாள்தான் சொன்னார். நான் நன்றி சொல்லவில்லை, சண்டைதான் போட்டேன். "நான் இனிப்புச் சாப்பிட்டுட்டு இருந்தப்போ நீங்க மட்டும் அத வச்சுட்டு இருந்தீங்களா?" என்று கேட்டேன். அவர், "உங்கட நாளக் கெடுக்க மனசு வரல்ல" என்றார். அன்பு என்றால் அதுதான் என்று அவருக்கு நினைப்பு. அவர் அன்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இரண்டையும் ஒரே நாளில் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்திருக்கலாம். நான் இனிப்பையும் தின்றிருப்பேன், மூட்டை காயவைக்கவும் வந்திருப்பேன். நஸ்லா அதை உங்கள் கல்யாணத்தின் முதல் வாரத்திலேயே செய்திருக்கிறாள். உன் வெற்றியை அவள் தள்ளிவிடவில்லை. அடுத்த நாளைக்கு எடுத்து வைத்தாள்.

நீ வந்த பிறகு வலீமா விருந்து நடந்தது. நஸ்லா அதே சாரியைத்தான் கட்டினாள். சமீர கையில் கட்டோடு பலாபத்வலயிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தான். ஒரு கையால் சஹனில் சாப்பிட அவன் பட்ட பாட்டைப் பார்த்து ஹாஜியார் தாமே கோழித்துண்டைப் பிய்த்து அவன் பக்கம் வைத்தார். அதற்குப் பின் மாதங்கள் ஓடின. கட்டு அவிழ்த்தார்கள், அவன் மறுபடி ஆடத் தொடங்கினான். அவனுக்குப் பந்து எடுத்துப் போட்டு அந்தக் கையைப் பழக்கிவிட்டது யார் என்று ஊருக்குத் தெரியாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். தெரிவு ஆட்டம் மறுபடி வரும், அதே மூன்றாவது இடத்துக்கு நீங்கள் இருவரும்தான் நிற்பீர்கள் என்று தெரிந்துகொண்டே, வார விடுமுறைகளில் கொழும்பிலிருந்து வந்து அவனோடு நீ ஆடினாய். "உங்க மகனுக்குப் பைத்தியம் ஆன்ட்டி" என்று சமீரவே என்னிடம் சொன்னான்.

போன வாரம் அந்தத் தெரிவு நடந்தது. ஐந்தாவது செட் வரை போய் சமீர வென்றான். நீ வீட்டுக்கு வந்து, "அவன் நல்லா ஆடினான் உம்மா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டாய். இரண்டாம் முறையும் சோறு கேட்டாய். நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்டையில் ஏதாவது நிற்கிறதா என்று பார்த்தேன். வலி இருந்தது, அது இருக்கத்தான் செய்யும். நீ அடுத்த போட்டிக்கும் போகவேண்டும் என்று எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. சமீர தோற்கவேண்டும் என்று அந்த ஐந்தாவது செட்டில் நான் துஆச் செய்தேன், அல்லாஹ் மன்னிப்பானாக. அவன் நம் வீட்டு பிளேன்டீ குடித்து வளர்ந்தவன். ஆனால் நஸ்லா பரிமாறிக்கொண்டே, "அப்ப இந்த வருசம் எங்கட பெருநாளுக்கு நீங்க இருப்பீங்க" என்றாள். நீ சிரித்தாய். நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய முகம் இனி என்னுடைய பொறுப்பு மட்டும் இல்லை என்று அந்தச் சிரிப்பில் எனக்கு விளங்கியது. கவலையாக இல்லை. கொஞ்சம் கை வெறுமையாக இருந்தது, அவ்வளவுதான்.

அதனால் ஒரே ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நீ விளையாடத் தொடங்கிய நாள் முதல், எந்த ஊரில் எந்த ஆட்டம் முடிந்தாலும் முதல் கோல் எனக்குத்தான் எடுப்பாய். கல்யாணத்துக்குப் பிறகும் அப்படித்தான். நஸ்லா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லவும் மாட்டாள். இனி இப்படி வைத்துக்கொள்வோம். வென்றால் முதலில் இரத்தோட்டை மாமாவுக்குப் பேசு. அந்த மனிதர் இப்போது செட் கணக்கெல்லாம் சொல்கிறார், ஊர்க் கடைத்தெருவில் உன் பேக்ஹேண்டைப் பற்றி விளக்கம் கொடுக்கிறார். தோற்றால் முதலில் நஸ்லாவிடம் சொல். கூரை பறந்தாலும் அன்றைக்கே சொல். எனக்கு மறுநாள் ஆறுதலாகச் சொன்னால் போதும். அவசரமே இல்லை. அந்த ஓரத்து மேசையை எந்தக் கைபேசியில் எப்படிப் பார்ப்பது என்று பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் நான் பழகிவிட்டேன்.

அன்புடன்,
உன் உம்மா